விட்டுப்போன வீடு

— பொன்னாட வேணாம்னு நீயே ஃபாதருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடு பாப்பா.

— விளையாடாதப்பா. ஞாயித்துக்கிழமை திருவிழா. நோட்டீஸ்ல உன் பேரு வந்தாச்சு. "புனித மார்ட்டின் தெ போரஸ் வழியில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் திரு. ராயப்பன், ராயப்பன் சலூன், மேனாம்பேடு." கோயில் வாசல்ல ஃப்ளெக்ஸ் வேற கட்டிட்டாங்க.

— ஃப்ளெக்ஸா? எந்த போட்டோ போட்டுகீறாங்கோ?

— ஆதார் கார்டுல இருக்கறது.

— அடப்பாவிங்களா. அதுல என்ன எனக்கே அடையாளம் தெரியாதே. ஊர்ல அத்தினி பேருக்கும் முடி வெட்டி அழகு பாக்குறேன், எனக்குன்னு ஒரு நல்ல போட்டோ இல்ல பாரேன்.

— அதுக்குதான் சொல்றேன், போட்டோ போனா போவட்டும், எழுத்தாவது நல்லா இருக்கட்டும்னு. அரை பக்கம் போதும்னு ஃபாதர் சொன்னாரு. பூசை முடிஞ்சதும் நான்தான் மைக்ல படிக்கணும். சீக்கிரம் சொல்லுப்பா, நாளைக்கு எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனில காலை ஷிப்ட்டு.

— யோவ், அந்த வெள்ள சட்டைய எங்கய்யா வெச்ச? கஞ்சி போடணும்.

— மாடில கொடியில கெடக்குது லூர்து. ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே இன்னா அவசரம்?

— கொடியிலயா? வெளிய தூறிகினு கீது, இங்க குந்திகினு கொடியிலன்றான். ஷாரன், அடுப்புல மீன் கொழம்பு கீது. கொதிச்சதும் தணிச்சு வையி. கரண்டிய போட்டு கிண்டாத, மீனு ஒடஞ்சிடும்.

— சரிம்மா. நான் பாத்துக்கறேன், நீ போ.

— போயிட்டாளா? படியேறுற சத்தம் கேட்டுச்சா?

— மேல போயிட்டாங்கப்பா. அம்மாவுக்கு தெரியாம அப்படி இன்னா?

— சொல்றேன். மொதல்ல நீ எழுதிவெச்சிகீறத படி.

— "ஒன்பது ஆண்டுகளாக, தன் சலூனுக்கு விடுமுறையான ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், அம்பத்தூர், முகப்பேர், ஆவடி பகுதிகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடு தேடிச் சென்று, முடி திருத்தி, முகச்சவரம் செய்து, நகம் வெட்டி, ஆறுதலாக நாலு வார்த்தை பேசி வருகிறார். இன்று அவர் பட்டியலில் முப்பத்தோரு வீடுகள் உள்ளன. இந்த மதம், அந்த மதம் என்று பாராமல், ஒரு வீட்டையும் ஒதுக்காமல்..."

— அங்க நிறுத்து. அந்த வரிய எடு.

— மதம் பாக்காமன்றதையா?

— அது இருக்கட்டும், அது நெசம்தான். "ஒரு வீட்டையும் ஒதுக்காமல்"னு கீது பாரு, அது பொய்யி. ஒரு ஊடு கீது பாப்பா. ஒம்பது வருஷமா வண்டிய அந்தப் பக்கம் திருப்புனதே இல்ல. இன்னைக்கித்தான் போனேன்.

— யாரு வீடு?

— உன் பெரியப்பன் ஊடு.

— சூசை பெரியப்பா வீடா? வெள்ளானூருக்கா போன? முகப்பேர் போறேன்னுதானே காலைல சொல்லிட்டு கிளம்புன?

— மெதுவா பேசு. மேல கேக்கும்.

— அம்மாவுக்கு தெரியாதா?

— தெரிஞ்சா இந்நேரம் இப்பிடி குந்திகினு பேசிகினு இருப்பேனா?

— எனக்கு ஒண்ணுமே புரியலப்பா. பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிபோச்சு, எழுந்திரிக்கவே முடியலன்னு ரெண்டு வருஷம் முன்னாடி பேபி பெரியம்மா ஆள் விட்டு சொன்னாங்க. நீ பாதி சோத்துல கைய கழுவிட்டு எழுந்து போயிட்ட. அம்மாவும் ஒரு வார்த்த பேசல. நான் எப்ப கேட்டாலும் ரெண்டு பேரும் பேச்ச மாத்திடுவீங்க. தாத்தா செத்தன்னைக்கி எனக்கு பன்னெண்டு வயசு. யாரோ ஒரு சேர எட்டி ஒதச்சாங்க, அது மட்டும்தான் ஞாபகம்.

— ஒதச்சது நான்தான்.

— நீயா?

— இன்னா அப்பிடி பாக்குற? எனக்கும் கோவம் வரும். உங்க தாத்தன் நாலு வருஷம் இந்த ஊட்லதான் கெடந்தாரு. இதோ, நீ குந்திகினு கீறியே, அந்த எடத்துல கட்டிலு. கையி காலு வெளங்காம போச்சு அவருக்கு. கழுவுறது, தொடைக்கிறது, கஞ்சி ஊத்துறது, பொரட்டிப் போடுறது அத்தினியும் உங்கம்மா. நாலு வருஷம் அவ ஒரு கல்யாணத்துக்குப் போவல, ஒரு திருவிழாவுக்குப் போவல. நான் செவ்வாக்கெழமையானா செவரம் பண்ணிவுடுவேன். அவ்ளோதான் என் பங்கு.

— பெரியப்பா வரமாட்டாரா?

— லேத்து பட்டறைல மூணு ஷிப்ட்டும் மாத்தி மாத்தி போவாரு. மொதல்ல மாசம் ஒருதபா வந்தாரு. கடைசி எட்டு மாசம் தலையே காட்டல. அப்பால செத்தன்னைக்கித்தான் வந்தாரு. சவப்பொட்டி வந்துடுச்சி, ஃபாதர் வந்துட்டாரு, தெருவே நிக்குது. தாத்தன் எலும்பும் தோலுமா கீறாரு, நாலு வருஷம் படுத்தவரு வேற எப்பிடி இருப்பாரு? அண்ணன் அத்த பாத்தாரு. பாத்துட்டு, எல்லாரும் நிக்கிறாங்கோ, உங்கம்மா மூஞ்சிக்கு நேரா வந்து, "பட்டினி போட்டே கொன்னுட்டியேடி"ன்னாரு.

— அம்மாவ பாத்தா?

— உங்கம்மாவ பாத்து.

— அம்மா இன்னாப்பா சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. உள்ள போனா. வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டு எடுத்துகினு வந்தா. அவருக்கும் ஒரு டம்ளர நீட்டுனா. எனக்குத்தான் கண்ணு இருட்டிகினு வந்துச்சி. நாற்காலிய எட்டி ஒதச்சேன், அண்ணன் சட்டையப் புட்ச்சி தெருவுல தள்ளுனேன், "குழிகிட்ட உன்ன பாத்தேன்னா உன்னையும் சேத்து பொதச்சிடுவேன்"னு கத்துனேன். வரல அவரு. பெத்த அப்பன் குழியில ஒரு புடி மண்ணு போடாம, அப்பிடியே பஸ் ஏறி போயிட்டாரு. அன்னியோட சரி.

— இதையெல்லாம் ஏன்பா என்கிட்ட சொல்லவே இல்ல?

— இன்னான்னு சொல்றது? கொழம்ப தணிச்சி வையி, பொங்குது பாரு.

— வெச்சிட்டேன். மேல சொல்லு. அப்போ இந்த செவ்வாய்க்கிழமை வேலை எப்படி ஆரம்பிச்சுது? மார்ட்டின் தெ போரஸ் மேல பக்தின்னு நான் எழுதி வெச்சிருக்கேன்.

— பக்தியாவது ஒண்ணாவது. தாத்தன பொதச்சி ஆறு நாளு கழிச்சி செவ்வாக்கெழம வந்துச்சி. காலைல எழுந்தேன், கிண்ணத்துல சோப்ப போட்டு நுர வர கொழச்சிட்டேன். பழக்கம். திரும்பிப் பாத்தா கட்டிலு கீது, ஆளு இல்ல. கிண்ணத்த கைல வெச்சிகினு நடு ஊட்ல நிக்கிறேன். உங்கம்மா பாத்தா. "எதிர் ஊட்ல உலகநாதன் சாரு பக்கவாதம் வந்து படுத்துகினு கீறாரு, தாடி சாமியாரு மாரி வளந்துகீது, அங்க போயேன்"னா. போனேன். கொழச்ச சோப்பு காஞ்சிடப் போவுதேன்னு போனேன் பாப்பா. சேவையும் இல்ல, கீவையும் இல்ல.

— அப்புறம்?

— உலகநாதன் சாருக்கு செவரம் பண்ணிட்டு கண்ணாடிய காட்டுனேன். பேச்சு வராது அவருக்கு. கன்னத்த தடவிப் பாத்துகினாரு. அப்பால என் கையப் புட்ச்சிகினாரு, வுடவே இல்ல. அவரு சம்சாரம் லோகநாயகியம்மா, முகப்பேர்ல தங்கச்சி ஊட்டுக்காரரு படுத்துகினு கீறாரு, அங்கயும் ஒரு எட்டு போறியாப்பான்னாங்க. அங்க போனா அவங்க இன்னொரு ஊட்ட சொன்னாங்க. இப்பிடியே முப்பத்தோரு ஊடு.

— அப்போ புனிதர் எப்ப வந்தாரு?

— அவரு ஒரு வருஷம் கழிச்சி வந்தாரு. கான்வென்ட்டு சிஸ்டர் ஒருத்தங்க கடைக்கு ஒரு படம் குடுத்தாங்க. வெள்ள அங்கிக்கு மேல கருப்பு போத்திகினு, கைல தொடப்பத்தோட ஒரு கருப்பு ஆளு. யாரு சிஸ்டர் இவரு, கோயில கூட்டுறவரான்னு கேட்டுட்டேன். இல்ல ராயப்பா, பெரு நாட்டுக்காரரு, மடத்துல சேர்றதுக்கு முன்னாடி உன் தொழிலுதான் கத்துகினாரு, அப்பால மடத்துலயும் ஊர்லயும் சீக்கு வந்தவங்கள பூரா இவருதான் பாத்துகினாருன்னாங்க. எனக்கு ஜிவ்வுனு ஆயிடிச்சி. தாடி வெச்ச புனிதருங்க எத்தினி பேரு கீறாங்கோ. அந்த தாடிய எடுத்துவுடுற புனிதரு ஒருத்தராவது கீறாரே.

— இத எழுதிக்கட்டுமா?

— எழுது, எழுது. ஃபாதரு சிரிப்பாரு.

— சரி, இன்னைக்கி மட்டும் ஏன் பெரியப்பா வீட்டுக்குப் போன? ஒம்பது வருஷம் போகாதவன்.

— எல்லாம் ஃபாதரு பண்ண வேல. போன ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல மார்ட்டினப் பத்தி ஒரு கத சொன்னாரே, நீ கேக்கல?

— நான் காலை பூசைக்கு வரலப்பா, சாயங்காலம்தான் போனேன்.

— ஒடம்பு பூரா புண்ணோட ஒரு பிச்சைக்காரரு. மார்ட்டின் அவர தூக்கிகினு வந்து தன்னோட படுக்கைலயே போட்டுட்டாரு. மடத்துல இன்னொருத்தரு, போர்வ பூரா நாறிப்போச்சே, இன்னா வேல பண்ணிகீறன்னு ஏசுனாராம். அதுக்கு இவரு, போர்வைல பட்டது சோப்பு போட்டா போயிடும், இந்த ஆள வெளிய தள்ளியிருந்தா என் மேல படியிற கறைய எந்த சோப்பு போட்டு கழுவுறதுன்னாராம். ஃபாதரு சோப்புன்னு சொன்னதும் கோயிலே திரும்பி என்னப் பாத்து சிரிக்கிது. நானும் இளிச்சிகினு கீறேன். ஆனா உள்ள பொளேர்னு ஒண்ணு வுழுந்துச்சி பாப்பா. அண்ணன நான் தெருவுல தள்ளுன தள்ளு ஞாபகம் வந்துடுச்சி.

— ம்.

— நேத்து பூரா யோசிச்சேன். இன்னைக்கி காலைல செவரப் பொட்டிய எடுத்துகினு கெளம்பிட்டேன். ஆவடி தாண்டுற வரைக்கும் தெம்பாத்தான் இருந்துச்சி. வெள்ளானூர் வந்ததும் வண்டிய நிறுத்திட்டேன். முக்கு கடைல ஒரு டீ குட்ச்சேன். இன்னொண்ணு குட்ச்சேன். மூணாவது டீய பாதில வெச்சிகினு நிக்கிறேன், ஒருத்தன் வந்து, சார், ப்ளாட் பாக்க வந்தீங்களான்றான். தினகரன்னு ஒரு புரோக்கரு. அங்க இப்ப யாரு சும்மா நின்னாலும் மனை வாங்க வந்த ஆளுன்னு நெனச்சிக்கிறாங்கோ.

— நீ இன்னா சொன்ன?

— ஆமான்னுட்டேன்.

— ஏம்பா?

— பின்ன? அண்ணன் ஊட்டுக்குப் போவ பயந்துகினு நிக்கிறேன்னா சொல்ல முடியும்? என்ன வண்டியில ஏத்திகினு நாலு தெருவ சுத்துறான். முட்டிக்கால் தண்ணியில நின்னுகினு, இந்த ஏரியால தண்ணியே நிக்காது சார்ன்றான். நானும் ஆமா ஆமான்றேன். கடைசில ஒரு காலி மனைய காட்டி, இத்த முடிச்சிடுங்க சார், பக்கத்து ஊட்டுக்காரங்க தங்கமானவங்க, ஒரு பெரியவரு படுத்த படுக்கையா கீறாரு, சத்தமே வராதுன்னான். நிமுந்து பாத்தா அண்ணன் ஊடு.

— அய்யோ அப்பா.

— அதுக்கு மேல எங்க ஓடுறது? பேபி அண்ணி துணி கம்பெனிக்கு வேலைக்குப் போயிடுது, காலைல எட்டு மணிக்குப் போனா ராவு ஏழாவும். பையன் அஸ்வின் ஓசூர்ல. சாவி பக்கத்து ஊட்டு பொன்னியம்மாகிட்ட கீது. யாரு நீங்கன்னு கேட்டுச்சி. தம்பின்னு சொல்ல வாயி வரல. முடி வெட்ற ஆளும்மான்னேன். போப்பா, காலைலயே தொறந்து வெச்சிட்டேன்னுச்சி. புரோக்கரு வாயத் தொறந்துகினு நிக்கிறான்.

— பெரியப்பா உன்ன பாத்ததும்?

— அப்பிடியே பாத்தாரு. அப்பால போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்து மூடிகினாரு. வேற இன்னா பண்றது? பொட்டியத் தொறந்தேன். உள்ள போயி தண்ணி மொண்டுகினு வந்தேன், சோப்பு கொழச்சேன், போர்வைய கழுத்து வரைக்கும் எறக்கி கன்னத்துல நுரைய போட்டேன். கண்ண மூடிகினு கீறாரு, கண்ணு ஓரத்துல தண்ணி வருது, நுர கரையுது, மறுபடியும் போடுறேன், மறுபடியும் கரையுது. இப்பிடியே போச்சின்னா சாயங்காலம் வரைக்கும் நுர போட்டுகினுதான் இருக்கணும்னு கத்திய எடுத்துட்டேன். தொண்டகிட்ட வெச்சேன் பாரு, அப்பத்தான் மொத வார்த்த பேசுனாரு. "ஒரே இழுப்புல முடிச்சிடுடா, யாரும் கேக்க மாட்டாங்கோ"ன்னாரு.

— நீ இன்னா சொன்ன?

— இன்னைக்கித்தான் புது பிளேடு மாட்னேன், உனக்காக வீணாக்க முடியாதுன்னேன். சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சிட்டேன். அவரு சிரிச்ச சிரிப்புல பாதி நுர என் வாயில. ஒம்பது வருஷம் கழிச்சி அண்ணன் தம்பி பேசிகினது இதான்.

— உனக்கு கண்ணு கலங்குதுப்பா.

— கொழம்பு காரம்.

— கொழம்பு அடுப்புல இருக்கு.

— நெடி. நீ கேளு. முடி வெட்னேன், முதுக தொடைக்கலாம்னு பொரட்டுனேன். எனக்கு இந்த வேலைல அனுபவம் கீதுல்ல, படுத்துகினு கீறவங்க முதுகு எப்பிடி இருக்கும்னு தெரியும். ரெண்டு வருஷம் பாப்பா, ஒரு புண்ணு இல்ல. பவுடர் போட்டு, தோலு கொழந்த தோலு மாரி கீது. நகம் வெட்டிகீது. எனக்கு பேபி அண்ணிய நெனச்சி கும்புடணும் போல இருந்துச்சி. வேலைக்கும் போய்கினு, இத்தையும் இப்பிடி பாத்துக்கணும்னா இலேசா? அத்த அவருகிட்ட சொன்னேன். அவரு ஜன்னல் பக்கம் பாத்துகினாரு.

— நீ அவருகிட்ட மன்னிப்பு கேட்டியா?

— கேட்டேன். அப்பன் குழியில ஒரு புடி மண்ணு போடவுடாம தொரத்துனேனே, அது என் தப்புதான் அண்ணாத்தேன்னேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தி அழுதாரு. அவரு வாயத் தொறந்தாரு, நான் கைய காட்டி நிறுத்திட்டேன். என்கிட்ட நீ ஒண்ணும் கேக்க வேணாம், கேக்கணும்னா லூர்துகிட்ட கேளு, அவகிட்ட கேக்காம நமக்குள்ள எதுவும் நேராவாதுன்னு சொல்லிட்டேன்.

— கரெக்ட்டா சொன்ன.

— அதுக்கு அவரு, "அங்க கேட்டாச்சிடா"ன்றாரு. செவுத்துல லூர்து மாதா படம் மாட்டிகீது. நான் எந்த லூர்த சொல்றேன், இவரு எந்த லூர்த சொல்றாரு பாரேன். மாதாகிட்ட கேட்டா ஆச்சா? என் ஊட்டு லூர்துகிட்ட கேக்க வேணாமா? சரி, அழுவுற ஆளுகிட்ட இன்னா வாதம் பண்றதுன்னு வுட்டுட்டேன்.

— அப்புறம் கிளம்பிட்டியா?

— கெளம்புறப்ப கையப் புட்ச்சிகினு ஒண்ணு கேட்டாரு. திங்கக்கெழம கல்லறைத் திருநாளு. ஊரே போயி மெழுகுவத்தி ஏத்தும். ஒம்பது வருஷமா அவரு அப்பன் கல்லறைக்கு வரல, தெரியுமா? காலு நல்லா இருந்தப்பவே வரல. நான் சொன்னது அப்பிடியே மனசுல நின்னுபோச்சி போல. என்ன ஒருதபா இட்டுனு போடா, ஒரு புடி மண்ணு போட்டுட்டு வந்துடுறேன்னாரு. சரின்னுட்டேன்.

— அதுக்கும் பொன்னாடைக்கும் இன்னாப்பா சம்பந்தம்?

— முப்பத்தோரு ஊட்டுக்கு நான் விசிலடிச்சிகினு போயிட்டேன் பாப்பா. அவங்கல்லாம் எனக்கு ஒரு கெடுதியும் பண்ணல. என்னப் பாத்தா சிரிக்கிறாங்கோ, காபி குடுக்குறாங்கோ. அதுல இன்னா பெரும கீது? போவ வேண்டிய ஊடு ஒண்ணு. அதுக்குப் போவ எனக்கு ஒம்பது வருஷமும் மூணு டீயும் தேவப்பட்டுச்சி. இதுக்கா பொன்னாட? அத்த போத்திகினு நின்னா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும். ஃபாதருகிட்ட சொல்லு, பொன்னாட வேணாம், கோயில்ல வீல் சேர் ஒண்ணு கீதே, அத்த திங்கக்கெழமைக்கு குடுத்தா போதும்னு.

— நான் கேக்கறேன். வேனுக்கு நம்ம இளைஞர் குழுவுலயே ஆள் இருக்காங்க, தூக்கறதுக்கும் வருவாங்க. அது பெரிய விஷயமே இல்ல. அம்மாகிட்ட எப்ப சொல்லப் போற?

— அதான் பேஜாரு.

— இன்னைக்கே சொல்லிடுப்பா.

— எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? அடி பட்டது நான் இல்ல, அவ. நாலு வருஷம் பீ மூத்திரம் அள்ளுன பொம்பளய நடுத்தெருவுல கொலகாரின்னு சொன்ன ஆளு. அவருக்குப் போயி அவளுக்குத் தெரியாம நுர போட்டு செவரம் பண்ணி, கூட சேந்து சிரிச்சிட்டு வந்துகீறேன். இவ ஒரு வார்த்த திட்ட மாட்டா, அதான் எனக்கு பயம். அன்னைக்கி டீ குடுத்தா பாரு, அந்த மாரி ஒண்ணுமே சொல்லாம எனக்கும் ஒரு டம்ளர நீட்டிட்டு போயிடுவா. அத்த என்னால தாங்க முடியாது.

— அப்போ எப்பதான் சொல்லுவ? திங்கக்கிழமை கல்லறைல நேரா காட்டப் போறியா?

— இல்ல. வியாழக்கெழம மத்தியானம் கடைய மூடிட்டு இன்னொருதபா போறேன். குளிப்பாட்டி வுட்டுட்டு, சேர்ல குந்த முடியுதான்னு பாக்குறேன். குந்துனார்னா வந்து சொல்லிடுறேன். குந்த முடியலன்னா கல்லறைக்குப் போறதே இல்லன்னு ஆயிடும், அப்போ எதுக்கு அவ மனச கெடுக்கணும்?

— ஷாரன், கொழம்பு அடி புடிக்கிற வாசன படி வரைக்கும் வருது. எறக்கி வையி மொதல்ல.

— அம்மா. எப்பம்மா கீழ வந்த?

— நாலு துணி எடுக்க எத்தினி நேரம் ஆவும்? உங்கப்பன் நாற்காலிய ஒதச்சதுல இருந்து படியிலதான் குந்திகினு கீறேன்.

— லூர்து, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. நீ மனசுல எதுவும் வெச்சிக்காத, வேணாம்னா சொல்லு, நான் இனிமே அந்தப் பக்கமே...

— யோவ், வாய மூடிகினு இத்த மடி. வெள்ள சட்ட நனையல, நல்லகாலம். ஞாயித்துக்கெழம இத்த போட்டுகினு போயி மரியாதையா பொன்னாடைய வாங்கிக்க. ஃபாதரு ஆசையா போத்தறப்ப மூஞ்ச தூக்கிவெச்சிகினு நிக்காத. ஷாரன், நீ வீல் சேருக்கு சொல்லிடு.

— சொல்லிடறேன்மா. உனக்கு கோவம் இல்லையா?

— சேர்ல அரை மணி நேரத்துக்கு மேல அவர குந்த வெக்கக் கூடாது, வலி தாங்க மாட்டாரு. இடது பக்கம் ஒரு தலாணி குடுக்கணும், இல்லன்னா சாஞ்சிடுவாரு. வேன்ல ஏத்துறப்ப கக்கத்துல கை குடுத்து தூக்காதீங்கோ, போர்வையோட தூக்குங்கோ.

— உனக்கு எப்பிடி தெரியும் லூர்து இதெல்லாம்?

— நீ செவ்வாக்கெழம போ, வியாழக்கெழம போவாத, ரெண்டு வருஷமா அது என் நாளு.